ஆறுக்கு ஏழா, ஆறுக்கு ஒன்பதா?

நெகட்டிவைக் கழுவி, சுருளிலிருந்து பிரித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முதல் மூன்று படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கால் மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். நான்காவது கட்டத்திலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். எட்டே படம் வரும் ரோலில் மூன்றை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறேன். அதுவும் எப்படி? நிதானமாக வெளிச்ச மீட்டர் பிடித்து, ஃபோகஸை இரண்டு முறை சரிபார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு.

லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் இந்த முட்டாள்தனத்துக்கு வாய்ப்பே இல்லை. மூடி இருந்தால் கண்ணுக்கு முன்னால் இருட்டாக இருக்கும். இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, ஃபிலிம் பார்ப்பது லென்ஸ் வழியாக. ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். லென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தால் ஜன்னல் வந்து சொல்லாது. இந்த வகைக் கேமராவை வாங்க நினைப்பவர் முதலில் இந்த ஒன்றோடு சமாதானமாக வேண்டும். கேமரா என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது கடைசி வரை நமக்குத் தெரியாது.

அப்படியானால் எதற்கு இந்த வம்பு? எனக்கு 120 என்ற அகலமான ரோல் ஃபிலிமின் பெரிய நெகட்டிவ் வேண்டும், ஆனால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கவும் வேண்டும். பெரிய நெகட்டிவ் எஸ்எல்ஆர்களில் உள்ளிருக்கும் கண்ணாடி எழும்போது கேமராவே குதிக்கும். முக்காலி இல்லாமல் 1/30 வினாடியில் எடுப்பதென்றால் கடவுள்தான் துணை. ரேஞ்ச்ஃபைண்டரில் அசையும் கண்ணாடி கிடையாது, லென்ஸுக்குள் இருக்கும் சிறிய இலை ஷட்டர் மட்டுமே திறந்து மூடும். 1/30-ல் கையிலேயே எடுக்கலாம். கொஞ்சம் சுவரில் சாய்ந்தால் 1/15-ம் எனக்கு வருகிறது. நான் எடுப்பது பெரும்பாலும் உட்கார்ந்து பேசுகிற மனிதர்களை, வீட்டுக்குள், ஜன்னல் வெளிச்சத்தில். அதற்கு இதுதான் சரி என்று முடிவு செய்து இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது செலவில்லாத பொழுதுபோக்கு.

பட்டியல் நீளமாகத்தான் தொடங்கியது. 1979-ல் வந்த ப்ளாவ்பெல் மக்கினா 67 மிக அழகானது, நிக்கார் லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும் (எண் சிறியதானால் துவாரம் பெரிது), மடித்தால் தட்டையாகிவிடும். ஆனால் பெல்லோஸ் என்ற மடிப்புத் துருத்தி, அதை இழுத்துப் பிடிக்கும் கத்தரிக்கோல் கால்கள், உள்ளே ஓடும் கம்பிகள் என்று வயதானால் நோகும் இடங்கள் நிறைய. ப்ரோனிகா ஆர்எஃப் 645 கையில் அடக்கமாக இருக்கும், நெகட்டிவ் சின்னது. 1989-ல் வந்த மமியா 6 சதுரப் படம் எடுக்கும். சதுரத்தில் எனக்கு எல்லாமே பாஸ்போர்ட் படமாகத்தான் வருகிறது, அதில் கேமராவின் குற்றம் எதுவும் இல்லை. கடைசியில் இரண்டு நின்றன: மமியா 7-ன் இரண்டாம் பதிப்பு, ஃபுஜி ஜிடபிள்யூ 690-ன் மூன்றாம் பதிப்பு.

(மமியா 6 என்ற பெயர் இன்னும் பழையது. 1940-ல் அந்த நிறுவனத்தின் முதல் கேமராவுக்கே அந்தப் பெயர்தான். அதில் ஃபோகஸ் செய்ய லென்ஸ் நகராது. பின்னால் ஃபிலிம் இருக்கும் தளம் முன்னும் பின்னும் நகரும். இதற்கும் என் கதைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் தெரிந்த நாளிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது.)

ஃபுஜியை வைத்திருந்தவர் எங்கள் படக்காரக் கூட்டத்தில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். கேட்டதும் கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு: "வச்சிருக்கிற வரைக்கும் எடுக்கணும். அலமாரில வச்சுப் பார்க்கிறதுக்குன்னா என் அலமாரியே போதும்." மமியா இன்னொரு நண்பருடையது. அதை ஒரு மாதத்துக்குக் கெஞ்சி வாங்கினேன். நியாயமாக ஒப்பிட வேண்டும் என்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு படம் எடுக்க முடிவு செய்தேன். ஃபுஜியில் 14 ரோல், ரோலுக்கு 8 வீதம் 112 படம். மமியாவில் 11 ரோல், ரோலுக்கு 10 வீதம் 110. ஃபிலிம் ஒரே வகை, கறுப்பு வெள்ளை, 400 வேகம். டெவலப்பரும் ஒன்றே.

முதலில் காகிதத்தில் இருந்த கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மமியா 7 வந்தது 1995-ல், இரண்டாம் பதிப்பு 1999-ல். நெகட்டிவ் சுமார் 56க்கு 70 மி.மீ., பெயரளவில் 6×7 செ.மீ. முப்பத்தைந்து மி.மீ. ஃபிலிமின் கட்டத்தைப் போல நாலரை மடங்கு பரப்பு. லென்ஸ்களை மாற்றலாம், 43-லிருந்து 210 மி.மீ. வரை உண்டு. உடம்பு 920 கிராம், 80 மி.மீ. லென்ஸோடு சுமார் 1,200. ஃபுஜியின் வம்சம் 1968-ல் லென்ஸ் மாற்றும் கேமராவாகத் தொடங்கியது. 1978-ல் ஜிடபிள்யூ 690 வந்தபோது 90 மி.மீ. எஃப் 3.5 லென்ஸை நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். மூன்றாம் பதிப்பு 1992. நெகட்டிவ் 56க்கு 83, பெயரளவில் 6×9, ஐந்தேகால் மடங்குக்கு மேல். எடை ஒன்றரைக் கிலோ. மீட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு 'டெக்சாஸ் லைக்கா' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் ஏன் என்று புரியும். கைக்கடக்கமான முப்பத்தைந்து மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டரான லைக்காவை யாரோ பம்ப் வைத்து ஊதிவிட்ட மாதிரி இருக்கும்.

எண்களைப் படித்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் ஒன்றைக் கவனிக்கவே இல்லை. ஒன்றில் 80, மற்றதில் 90. ஃபுஜி சற்று நெருக்கிப் பார்க்கும் என்று நினைத்திருந்தேன். நெகட்டிவின் மூலைவிட்டத்தைக் கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே கோணம். இரண்டும் முப்பத்தைந்து மி.மீ. கேமராவில் 39 மி.மீ. லென்ஸ் பார்க்கிற அளவையே பார்க்கின்றன. இரண்டிலும் மிகக் கிட்டத்து ஃபோகஸ் 1 மீட்டர். அதற்குள் போக முடியாது. ஒரு மீட்டரில் மார்பளவுப் படம் வரும், முகம் மட்டும் வேண்டுமென்றால் வராது. ஆக, லென்ஸும் தூரமும் கோணமும் ஒன்றாகவே போய்விட்டன. மிச்சமிருந்தது கட்டத்தின் வடிவமும் கேமராவின் குணமும்தான்.

குணத்தை முதலில் சொல்கிறேன், வடிவத்தில் எனக்கு நிறையப் பேச்சு இருக்கிறது.

மமியா ஒரு பொறுப்பான ஆள். லென்ஸைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் உள்ளே ஒரு திரையை மூட வேண்டும், மூடாமல் லென்ஸ் கழலாது. திரை மூடியிருந்தால் ஷட்டர் விழாது. ஏ என்று வைத்தால் ஷட்டர் வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கும், வ்யூஃபைண்டரில் எண் எரியும். நான் அதை நம்ப ஆரம்பித்த மூன்றாம் நாளே அதன் எல்லை தெரிந்தது. மீட்டர் லென்ஸ் வழியாக அளப்பதில்லை. அதன் கண் வ்யூஃபைண்டர் பக்கம் இருக்கிறது. ஆரஞ்சு ஃபில்டரை மாட்டிக்கொண்டு, அதற்கான இரண்டு ஸ்டாப்பை, அதாவது நான்கு மடங்கு வெளிச்சத்தை, கூட்டாமல் அரை ரோல் எடுத்துவிட்டேன். நெகட்டிவ் மெலிந்து, நிழல்கள் எல்லாம் போயே போயின. லென்ஸ் மூடியும் அதே கதைதான். மூடி இருந்தாலும் மமியா 1/250 என்று தைரியமாகச் சொல்லும். மமியாவில் மூடியோடு எடுக்கவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை. ஃபுஜியில் பட்ட அடிக்குப் பிறகு மூடியைப் பையிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டேன்.

பேட்டரி இல்லாவிட்டால் மமியா ஒரு அழகான காகித எடை. ஷட்டரின் காலத்தைக் கணக்கிடுவதே மின்சாரம்தான். பொத்தானைப் பூட்டாமல் பையில் திணித்திருக்கிறேன். அது பாதி அழுந்தியபடியே கிடந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. மறுநாள் காலை நல்ல வெளிச்சம், நல்ல முகம், நான் பொத்தானை அமுக்குகிறேன், ஒரு சத்தமும் இல்லை. தீக்குச்சிப் பெட்டிக்குள் அடங்கும் ஒரு 6 வோல்ட் பேட்டரிக்காக வந்த வழியே திரும்பினேன். அன்றிலிருந்து ஒன்று கேமராவில், ஒன்று பையில், ஒன்று பர்ஸில்.

ஃபுஜி எதற்கும் பொறுப்பேற்காது. வேகம் நீ வை, துவாரம் நீ வை, தூரம் நீ பார், தப்பானால் உன் பாடு. ஃபிலிமை நகர்த்த நெம்புகோலை இரண்டு முறை இழுக்க வேண்டும். லென்ஸோடு சேர்ந்த ஹூட், பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் குழல், ஒன்று உண்டு. உள்ளே தள்ளி வைத்திருந்தால் துவார வளையத்தையும் வேக வளையத்தையும் மூடிக்கொள்ளும். வெளியே இழுத்தால்தான் விரல் போகும். இதை வடிவமைத்தவர் ஒரு நாள்கூட இந்தக் கேமராவோடு தெருவில் நடந்திருக்க மாட்டார் என்று முதல் வாரம் திட்டினேன். இரண்டாம் வாரம் ஹூட்டை இழுத்தே வைத்துக்கொள்ளப் பழகினேன். நீண்ட நேர எக்ஸ்போஷருக்கு பி (பொத்தானை அமுக்கியிருக்கும் வரை திறந்திருப்பது) கிடையாது, டி மட்டும். பொத்தானை அமுக்கினால் ஷட்டர் திறந்து அப்படியே நிற்கும். மூடுவதற்கு வேக வளையத்தைத் திருப்ப வேண்டும் அல்லது ஃபிலிமை நகர்த்த வேண்டும். இரண்டிலும் கேமரா ஆடும். ஆகவே கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துக்கொண்டு, பிறகு வளையத்தைத் திருப்பு. இரண்டு கையும் போதாது.

ஆனால் இந்த டி ஒரு விஷயத்தில் கை கொடுத்தது. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் எதை வாங்கினாலும் அதன் இரட்டை பிம்பம் சரியாகச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே விழுந்த கேமரா வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கண்ணாடி ஒரு முடி அளவு நகர்ந்திருக்கும். தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தையோ கம்பத்தையோ பார்த்து, லென்ஸை முடிவிலியில் வைத்தால் இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் மட்டும் பார்த்தால் போதாது, மேல் கீழாகவும் ஒன்ற வேண்டும். கிட்டத்துக்கு வேறு சோதனை: பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டை அல்லது இறுக்கமாக ஒட்டிய ட்ரேஸிங் தாளை வைத்து, டி-யில் ஷட்டரைத் திறந்து விட்டால் லென்ஸ் பார்ப்பதை நாமும் பார்க்கலாம். தலைகீழாக, மங்கலாக, ஆனால் பொய்யில்லாமல். ஒன்றரை மீட்டரில் ஒரு புத்தகத்தின் அட்டை எழுத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு கேமராவும் தேறின. மமியாவில் இதே சோதனைக்குப் பி-யில் பொத்தானை அமுக்கியபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சோதனையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், வ்யூஃபைண்டர் ஜன்னலில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். முன்னால் இருப்பவரின் மூக்கும் பின்னால் இருக்கும் மரமும் ஒரே கூர்மை. ஃபிலிமில் அப்படி இல்லை. மமியாவை எஃப் 4-ல் முழுக்கத் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் பகுதி ஒரு சாணுக்கும் குறைவு. ஃபுஜியின் எஃப் 3.5-ல் இன்னும் குறைவு. முதல் ரோல்களில் என்னிடம் கூர்மையான காதுகள் நிறைய வந்தன.

சத்தம். இதைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நான் எதிர்பார்த்தது வேறு. மமியாவின் ஷட்டர் நாக்கைச் சற்று மடக்கிச் சொடுக்கியது போல ஒரு 'ட்க்'. எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. ஃபுஜியில் ஒரு 'டங்', உலோகம் உலோகத்தில் மோதுகிற ஒலி. அமைதியான கேமராதான் நல்லது, ஆட்கள் இயல்பாக இருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது என்னவென்றால், மமியா முன்னால் உட்கார்ந்தவர்கள் "எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எடுத்தது தெரியாததால் படத்துக்கான முகத்தைக் கழற்றவே இல்லை. ஃபுஜியின் 'டங்' கேட்டதும் ஒரு பெருமூச்சு, தோள் இறங்கும், முகம் சொந்த முகமாகும். அந்த இரண்டாவது முகம்தான் எனக்கு வேண்டியது. ஆனால் அதைப் பிடிக்க நெம்புகோலை இரண்டு முறை இழுத்தாக வேண்டும், அதற்குள் அவர் எழுந்து போய்விடுவார். மமியாவில் நான் ஒரு தந்திரம் கற்றேன்: எடுத்த பிறகு கேமராவைச் சற்று இறக்கி "ம், ஆச்சு" என்பேன். தோள் இறங்கும். உடனே இன்னொன்று. இது ஏமாற்றுத்தானே என்று கேட்டால் ஆமாம்.

எட்டுப் படம்தான் என்றால் மெதுவாக, யோசித்து எடுப்போம் என்று ஃபிலிம்காரர்கள் சொல்வது வழக்கம். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எட்டு என்றால் எனக்குக் கஞ்சத்தனம் வந்தது. ஒருவரை ஒரு படம் எடுத்துவிட்டு "போதும், வந்திருக்கும்" என்று நகர்ந்தேன். பத்து என்றபோது ஒருவருக்கு இரண்டு எடுத்தேன். பெரும்பாலும் இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. எட்டுக்கும் பத்துக்கும் இடையே இவ்வளவு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி வடிவம்.

ஃபுஜியின் 6×9 எனக்குப் புதிதே அல்ல. இரண்டுக்கு மூன்று என்ற அதே விகிதம்தான் முப்பத்தைந்து மி.மீ. ஃபிலிமிலும். இருபது வருடம் அந்தக் கட்டத்துக்குள்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே அதில் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், மமியாவின் தடித்த 6×7-தான் பழக வேண்டியதாக இருக்கும் என்று நினைத்தேன். பதினான்கு ரோலும் முடிந்த பிறகு கான்டாக்ட் ஷீட்டுகளை (நெகட்டிவ்களை அதே அளவில் அச்சிட்ட தாள்களை) மேசையில் பரப்பிச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனேன். பிரிண்ட் போட லாயக்கானவை 23. அடுத்த நாள் அதே தாள்களைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: 23-ல் 17-க்கு நான் ஓரத்தில் வெட்டுக் கோடு போட்டிருந்தேன். யோசிக்காமல், கை போன போக்கில். படுக்கைப் படமென்றால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு துண்டு போயிருந்தது. நிமிர்ந்த படமென்றால் தரையில் ஒரு துண்டு. அளவுகோல் வைத்து அளந்தேன். மிச்சமிருந்த செவ்வகங்களில் பெரும்பாலானவை நான்குக்கு ஐந்தை ஒட்டி இருந்தன. அதாவது கிட்டத்தட்ட 6×7.

இதைக் கணக்காகச் சொன்னால் கொஞ்சம் அவமானமாக இருக்கிறது. 56க்கு 83 நெகட்டிவை நான்குக்கு ஐந்தாக வெட்டினால் கிடைப்பது 56க்கு 70. மமியாவின் நெகட்டிவ் அப்படியே. அந்தப் பெரிய நெகட்டிவுக்காக 300 கிராம் கூடுதலாகச் சுமந்து, ரோலுக்கு இரண்டு படத்தை இழந்து, கடைசியில் கூடுதலாகக் கிடைத்ததைக் கத்தரித்துப் போட்டிருக்கிறேன்.

அவசரப்படக் கூடாது என்று பழைய முப்பத்தைந்து மி.மீ. பிரிண்ட் பெட்டியைத் திறந்தேன். அங்கும் அதேதான். முழுக் கட்டமும் இருந்த பிரிண்டுகள் சொற்பம். ஆனால் அங்கே ஒரு சந்தேகம் வந்தது. நான் இத்தனை காலம் பிரிண்ட் போட்டது எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில். அந்தத் தாளின் விகிதமே நான்குக்கு ஐந்து. தனித் தாள்களாக ஃபிலிம் போடும் பெரிய வடிவக் கேமராக்களின் நெகட்டிவுக்குப் பொருந்தும் அளவு அது. வீணாக்காமல் தாளை நிரப்ப வேண்டும் என்று இருபது வருடம் இரண்டு ஓரத்தையும் வெட்டியவன் கைக்கு வேறு என்ன தெரியும்? நான்குக்கு ஐந்தாகப் பார்ப்பது என் கண்ணா, தாள் பழக்கிய கையா? இரண்டு நாள் இதையே போட்டுக் குடைந்தேன். விடை கிடைக்கவில்லை. கண்ணும் பழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

தாளைப் பற்றிப் பேசும்போது 6×7-ன் ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். எட்டுக்குப் பத்துத் தாளில் 6×9-ன் எட்டுப் படமும் இரண்டிரண்டாக நான்கு வரிசையில் கச்சிதமாக உட்காரும். 6×7-ன் பத்தில் மும்மூன்றாக ஒன்பது உட்காரும், பத்தாவது வெளியே நிற்கும். ஒவ்வொரு ரோலிலும் ஒரு அநாதைப் படம். என் பதினொரு ரோலில் மிக நல்ல படம் ஒன்று அப்படித் தாளில் இடமில்லாமல் உறைக்குள் இரண்டு வாரம் கிடந்தது.

ஃபுஜியின் நீளக் கட்டத்தை நான் மனதார மெச்சிய இடம் ஒன்று உண்டு. கட்டடங்கள். உயரமான ஒன்றை எடுக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப் போகச் சாய்ந்து கூம்பும். பெரிய வடிவக் கேமராவில் லென்ஸை மட்டும் மேலே தள்ளி இதைச் சரிசெய்வார்கள். ஃபுஜியை நிமிர்த்தி, அடிவானம் கட்டத்தின் நடுவில் வரும்படி நேராகப் பிடித்து எடுத்துவிட்டு, பிறகு கீழே உள்ள தரையை வெட்டிவிட்டால் அதே பலன். லென்ஸை ஆறேழு மி.மீ. மேலே தள்ளிய மாதிரி. சுவர்கள் செங்குத்தாக நிற்கும். இப்படி நான்கைந்து எடுத்தேன், நான்கைந்தும் எனக்குப் பெருமை. நான் கட்டடங்களை எடுப்பவனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இந்த வரியோடு முடிந்திருக்கும்.

ஒரு குழுவை நிறுத்தி எடுப்பதற்கும் 6×9 அருமை. பத்துப் பேர் தோளோடு தோள் நிற்கும் வரிசை அதில் இயல்பாகப் பொருந்தும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதோ, பக்கத்தில் வேண்டாத ஒரு வாளியோ செருப்போ வந்துகொண்டே இருக்கும். 6×7-ல் நாற்காலியும் ஆளும் அந்த ஜன்னலும், அவ்வளவுதான். நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்தாலும் பெரிய வேறுபாடில்லை, ஆள் நடுவில் இருக்கிறார்.

என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) விஷயத்தை ஒரு வரியில் முடிக்கிறேன், ஏனென்றால் அதை முதலிலேயே பார்க்காதது என் மடத்தனம்: நடுத்தர வடிவத்துக்கான, அதாவது 120 ஃபிலிமுக்கான, என்லார்ஜர்கள் பல 6×7 வரைதான் ஏற்கும், நான் பயன்படுத்துவதும் அப்படித்தான். 6×9-ஐ அதில் வெட்டித்தான் போட முடியும். ஸ்கேன் செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

லென்ஸ் மாற்றும் வசதி? மமியாவை வாங்கச் சொல்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான், அதிலும் 43 மி.மீ. லென்ஸைப் பற்றிப் பேசும்போது குரலே தழுதழுக்கும். நண்பர் அதையும் கொடுத்திருந்தார். அது ஃபிலிமுக்கு மிக அருகில் உட்காரும் லென்ஸ், இடையில் கண்ணாடி இல்லாத கேமராவில்தான் அப்படி வைக்க முடியும். நேர்கோடு நேர்கோடாகவே வரும். ஆனால் அதற்குக் கேமராவின் மேலே தனி வ்யூஃபைண்டர் மாட்ட வேண்டும். கீழ் ஜன்னலில் ஃபோகஸ், மேல் ஜன்னலில் கட்டம். வ்யூஃபைண்டருக்கு உள்ளேயே கட்டத்தின் எல்லைக் கோடு இருப்பது 65, 80, 150-க்கு மட்டும். 210-க்கு ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே கிடையாது, தூரத்தைக் கணித்து வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் 43-ஐ இரண்டு முறை மாட்டினேன். லென்ஸ் மாற்றலாம் என்பது எனக்கு ஒரு நன்மையே அல்ல. மாற்றாமல் இருப்பதற்கும் அதே விலைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் வருத்தம்.

விலையில் மமியா எப்போதும் மேலே, ஃபுஜி வெகு கீழே. ஆயுளில் நேர்மாறு. ஃபுஜியின் ஷட்டர் பல்சக்கரமும் சுருள்வில்லும். எண்ணெய் இறுகினால் கழுவித் துடைத்து ஓடவைக்க ஆள் கிடைப்பார். மமியாவின் உள்ளே இருக்கும் மின்சுற்று செத்தால், இன்னொரு செத்த மமியாவிலிருந்துதான் உயிர் வர வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபுஜியை எடுத்துக்கொள் என்று அறிவுள்ளவர்கள் சொன்னார்கள். சரியான காரணம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தது பதினேழு வெட்டுக் கோடுகள்தான். பேரனுக்கும் ஓடும் கேமராவில் இன்னும் முப்பது வருடம் ஓரத்தை வெட்டிக்கொண்டிருப்பதா, என்று நிற்கும் என்று தெரியாத கேமராவில் முழுக் கட்டத்தையும் பயன்படுத்துவதா என்று கேட்டுக்கொண்டேன். 80 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு ஒரு மமியா 7 வாங்கினேன். நாலாவது மாதம் இது. ஆரஞ்சு ஃபில்டரின் மேல் வெள்ளை மையால் 'இரண்டு ஸ்டாப்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மூடி எங்கே என்று எனக்கே தெரியாது.

ஃபுஜியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் அதை வாங்கியதும் லென்ஸைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பினார். அடிப்பாகத்தில் ஒரு சின்ன எண் மீட்டர் உண்டு, பத்துப் படத்துக்கு ஒரு முறை நகரும். சர்வீஸுக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிவதற்காக வைத்தது. கொடுக்கும்போது அதைக் குறித்து வைத்திருந்திருக்கிறார்.

"பதினொன்னு ஏறியிருக்கு. பரவாயில்ல தம்பி, எடுத்திருக்க."

"பதினாலு ரோல் அண்ணே. நூத்துப் பன்னெண்டு."

"மூடியோட எடுத்தியே, அந்த மூணும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."